மாதிரிக் கதவு

சுவரை உடைத்து மூன்று கிழமை.
ஸ்டான் தாடியில் சுண்ணாம்புத் தூளோடு கேட்கிறார்:
குசினி அலமாரிக்கு என்ன நிறம்?
வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கோ,
இல்லாவிட்டால் மார்ச்தான்.

சுவர் இருந்த காலத்தில்
குசினிக்கு ஒரு நிறம், ஹோலுக்கு ஒரு நிறம்.
இரண்டும் ஒன்றையொன்று கண்டதே இல்லை.
இப்போது சோபாவில் இருந்தால் அடுப்புத் தெரிகிறது,
அடுப்படியில் நின்றால் ஹொக்கி ஓடுகிறது.
ஆகவே வரப்போகிறவள்
நாவற்பழ நிறச் சோபாவுக்குப் பொருந்தவேணும்,
தரைப்பலகைக்கும்,
மாடிப்படிக் கைப்பிடிக்கும்,
கழிவு விலையில் அவசரமாய் வாங்கிய திரைச்சீலைக்கும்.
பத்துப் பொருத்தமும் பார்த்து
எங்களுக்கே இவ்வளவு பார்க்கவில்லை.

கடையில் அட்டைகள் இலவசம்.
முப்பது அள்ளிவந்தேன்.
நனைந்த கூழாங்கல். தூங்கும் ஏரி.
துறவியின் கம்பளி.
துறவிக்கு எதுக்குக் கம்பளி என்று
நிமலனுக்கு மெசேஜ் போட்டேன்.
ஏஜாக்ஸில் இருந்து பார்க்கட்டும், தெரியும்
என்று இடைவேளையில் பதில் வந்தது.

ஒவ்வோர் அட்டையிலும்
மஞ்சளும் எண்ணெயும் குழைத்து விரலால் இழுத்தேன்.
அரை மணி விட்டுத் துடைத்தேன்.
வெள்ளை என்று பெயர் வைத்த பதினொன்றும்
அன்றே வெளியே.
கம்பளி மட்டும்
ஒன்றும் நடக்காதது போல் இருந்தது.

திங்கள் ஸ்டான்
அந்த நிறத்தை ஒரு கதவில் பூசிக்கொண்டுவந்து
ஃபிரிட்ஜில் சாய்த்துவிட்டுப் போனார்.

பின்னேரம் நாலு மணி, மேற்குச் சன்னல்.
"நல்ல பச்சை. எனக்குப் பிடிச்சிருக்கு"
என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.
விடிய எழும்பிப் பார்த்தால் கீழே அவர் எழுத்து:
"இது சாம்பல். எங்கே பச்சை?"

செவ்வாய்:
"கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ."
"போட்டுத்தான் பார்த்தனான். சாம்பல்."
புதன்:
"முதியோர் இல்லத்தின் படிக்கட்டு மாதிரிச் சாம்பல்."
அது எனக்குச் சுட்டது.
அந்தப் படிக்கட்டில்
பதினொரு வருசமாய் ஏறி இறங்குகிறவள் நான்.

அவர் ஆலைக்குப் போவது பகல் ஒன்றரைக்கு.
நான் வேலையால் வருவது மூன்றரைக்கு.
நடுச்சாமம் தாண்டி அவர் சாவி திருப்பும்போது
எனக்கு இரண்டாம் தூக்கம்.
இருட்டில் நான் சப்பாத்துக் கட்டும்போது
போர்வைக்கு வெளியே அவருடைய ஒரு கால்.
ஒரே கதவைத்தான் பார்க்கிறோம்,
அவர் குழல் விளக்கிலும் மப்புக் காலையிலும்,
நான் சாய்கிற வெயிலில்.

வியாழன் பனி கொட்டியது.
பஸ் ஊர்ந்து ஊர்ந்து நாலரைக்கு வந்தால்
வாசலில் அவருடைய கார், மூடி, வெள்ளையாய்.
ஆலை பூட்டு.
நிமலன் தரையில் இருந்தார்,
கதவுக்கு முன்னால், தேத்தண்ணியோடு,
படம் பார்க்கிற மாதிரி.

சப்பாத்தைக் கழற்றாமல் பக்கத்தில் இருந்தேன்.
வெயிலும் இல்லை, விளக்கும் போடவில்லை.
சன்னலால் பனியின் வெளிச்சம் மட்டும்.
கதவு பச்சையாய் இல்லை.
சாம்பலும் இல்லை.
கழுவி வைத்த மீன் முதுகு போல
ஏதோ ஒரு நீலம்.

"இது வேறை கதவோ?" என்றார்.
"அதே கதவுதான். மூலையில் என்ரை மஞ்சள் விரல்."

பிறகு அதிகம் கதைக்கவில்லை.
ஸ்டானுக்கு நிறத்தின் எண்ணை மட்டும் அனுப்பினேன்.
எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம்.
சோபாவை என்ன செய்வது?

ஹோலில், மின்னடுப்பில்,
யாரோ ஏற்றி மறந்த பருப்பு அடிப்பிடித்தது.
மறிக்க ஒரு சுவரும் இல்லை.
மாடி வரைக்கும் மணத்தது.